ஒன்றரை ஆண்டு ஆகியும் வரிசையிலேயே நிற்பவருக்கு

நாற்பத்திரண்டு வயதில், ஓர் அப்பாவாக, மகளோடு சேர்ந்து கர்நாடக சங்கீத வாய்ப்பாட்டு வகுப்பில் சேர்ந்ததாகவும், ஒன்றரை ஆண்டு கழிந்தும் வரிசைகள் எனப்படும் ஆரம்ப ஸ்வரப் பயிற்சிகளில் கடைசியான அலங்காரத்தை நீங்கள் இன்னும் தாண்டவில்லை என்றும், உடன் சேர்ந்த சிறுமிகள் கீதங்கள் என்ற எளிய பாடல்களை முடித்து, அடுத்த படியான ஸ்வரஜதிக்குப் போய்விட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் எல்லோருக்கும் ஐந்து கட்டையில் (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) சுருதி வைக்கிறார்கள், மேல் ஷட்ஜமத்துக்கு, அதாவது மேல் ‘ச’வுக்குப் போகும்போது தொண்டை வலிக்கிறது, அதையும் பொறுத்துக்கொள்கிறேன் என்று நடுவில் ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது. கடைசியில் நீங்கள் கேட்பவை இரண்டு: எதிலும் பொறுமை இல்லாத ஒருவர் அதை எப்படி வளர்த்துக்கொள்வது, ஸ்வரஜதிக்கும் அடுத்த பாடமான வர்ணம் பாட இன்னும் எவ்வளவு காலம் ஆகும். பல ஆண்டுகளாக, வேலைக்குப் போகிற பெரியவர்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்றரை ஆண்டாக, சிறுமிகளுக்கு நடுவில் கூச்சத்தோடு உட்கார்ந்து, வகுப்பை விடாமல் வருகிற ஒருவரைப் பொறுமையற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் பொறுமை போதிய அளவு இருக்கிறது. ஆனால் ‘நான் முன்னேறவே இல்லை’ என்று உங்களுக்குள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் சாட்சியை நீங்கள் ஒருமுறைகூடக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. அது சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு உங்கள் குணத்தின் மேலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். மெதுவாக வளரும் எந்தத் திறமையிலும் அந்தச் சாட்சி பெரும்பாலும் தவறாகவே பேசும் என்பதையும், அது ஏன் தவறுகிறது என்பதையும் தெரிந்துகொண்டால், பொறுமையைத் தனியாக வளர்க்க வேண்டிய தேவை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

முதல் காரணம், பாட்டில் காது தொண்டையை முந்திக்கொண்டு வளர்கிறது என்பது. நம்முடைய ஆரம்பப் பாடங்களை முறைப்படுத்தியவர் என்று மரபு போற்றும் புரந்தரதாசர் அவற்றுக்கு மாயாமாளவகௌளை ராகத்தைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வார்கள். மேளம் எனப்படும் தாய் ராகங்களில் பதினைந்தாவதான அந்த ராகத்தில் ஷட்ஜமமும் (ச) சுத்த ரிஷபமும் (ரி) நெருங்கி நிற்கும். அங்கிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஒரு பெரிய தாண்டல். காந்தாரத்திலிருந்து மத்யமம் மறுபடியும் மிக அருகில். பஞ்சமத்துக்கு மேலும் இதே அமைப்பு அப்படியே திரும்ப வருகிறது. ஒட்டி நிற்கும் ஸ்வரத்தையும் தள்ளி நிற்கும் ஸ்வரத்தையும் மாறிமாறிப் பிடிக்கும் பழக்கம் இதில் கிடைத்துவிடுவதால்தான் இதை முதலில் வைப்பது பொருத்தமாக இருக்கிறது. புதிதாக வருகிறவர் பெரும்பாலும் ரிஷபத்தை உயர்த்திப் பாடிவிடுவார். சினிமாப் பாட்டுகளில் கேட்டுப் பழகிய ரிஷபம் சற்று உயரத்தில் இருப்பது, தொண்டையை அங்கே இழுத்துக்கொண்டு போகும். முதல் மாதத்தில் இதை அவர் கவனிப்பதே இல்லை, அதனால் மகிழ்ச்சியாகப் பாடுகிறார். சில மாதங்கள் கழித்து, தம்புரா ஒலியில் ஷட்ஜமம் காதில் ஊறிய பிறகு, தன் ரிஷபம் ஒரு நூல் விலகினாலும் அவருக்கே உறுத்தத் தொடங்குகிறது. தொண்டை முன்பைவிட நன்றாகத்தான் பாடுகிறது. காது அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டதால் எல்லாமே மோசமாகிவிட்டதாகத் தோன்றுகிறது. ‘ஆரம்பத்தில் நன்றாக வந்தது சார், இப்போதுதான் கெட்டுப்போய்விட்டது’ என்று என்னிடம் சொல்லாத பெரியவர்கள் குறைவு. அதைக் கேட்டால் எனக்கு உள்ளூர நிம்மதிதான் வரும், ஏனென்றால் கேள்வி ஞானம் வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. காது வளராதவர் தன் பாட்டில் திருப்தியோடு இருப்பார். அவரைக் கரையேற்றுவதுதான் கடினம்.

இரண்டாவது காரணத்தைப் பாட்டுக்கு வெளியே நடந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. பிரிட்டனில் தபால்களை அஞ்சல் குறியீட்டின்படி பிரிப்பதற்கு, தட்டச்சு அறியாத தபால்காரர்களுக்கு விசைப்பலகைப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. உளவியலாளர் ஆலன் பேட்லியும் லாங்மனும் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாளைக்கு ஒரு மணி நேரமும், இரண்டு குழுக்களுக்கு வெவ்வேறு பிரிவினையில் இரண்டு மணி நேரமும், இன்னொரு குழுவுக்கு நாளைக்கு நான்கு மணி நேரமும் பயிற்சி கொடுத்து, முடிவுகளை 1978இல் வெளியிட்டார்கள். விசைப்பலகையைக் கற்றுக்கொள்ள ஒரு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 35 மணி நேரம் போதுமானதாக இருந்தது. நான்கு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 50 மணி நேரம் தேவைப்பட்டது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிடைத்த பலனில் முதலிடம் பிடித்தவர்கள் மெதுவாகப் போனவர்களே. ஆனால் தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைந்த திருப்தியோடு இருந்தவர்களும் அவர்களே. நாட்கணக்கில் பார்த்தால் மற்றக் குழுக்களை விடப் பின்தங்கி இருந்ததால், உள்ளது உள்ளபடி சிறப்பாகக் கற்றுக்கொண்டிருந்தும் அவர்களுக்கு அது தெரியவில்லை. நாள்தோறும் அரை மணி நேரம் சாதகம் செய்துவிட்டு, மற்றவர்கள் எங்கே போய்விட்டார்கள் என்று எட்டிப் பார்க்கும் உங்கள் நிலை ஏறத்தாழ அதுதான்.

மூன்றாவதாக, திறமை எப்போதும் ஒரே சாய்வில் ஏறுவதில்லை என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. அமெரிக்காவின் இண்டியானாவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி அடிக்கக் கற்றவர்களை ஆராய்ந்து 1897இலும் 1899இலும் எழுதினார்கள். தந்தியை அனுப்பும் வேகம் தொடர்ந்து கூடியது; கேட்டுப் புரிந்துகொள்ளும் வேகமோ ஓரளவு வளர்ந்து, பல வாரங்கள் அசையாமல் நின்று, பிறகு மறுபடி ஏறியது. எழுத்து எழுத்தாகக் கேட்டவர் சொல் சொல்லாகவும், பிறகு சொற்றொடராகவும் கேட்கப் பழகும் இடைக்காலமே அந்தத் தேக்கம் என்று அவர்கள் விளக்கினார்கள். அந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து விலகினார்கள். பாட்டிலும் இதற்கு ஒப்பான கட்டம் உண்டு. ‘ச ரி க ம’ என்று ஒவ்வொரு ஸ்வரமாக எண்ணிப் பாடியவர், ஒரு நாள் அதை ஒரே பிடியாகப் பாடத் தொடங்குகிறார். அதற்கு முந்தைய வாரங்களில் வெளியே எதுவும் தெரியாது.

ஆனால் இந்தத் தேக்கக் கதையை வைத்துக்கொண்டு, நின்றுபோவது இயற்கை, காலம் வந்தால் தானாக நகரும் என்று ஆறுதல் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1958இல் ஃபிரெட் கெல்லர் என்ற உளவியலாளர், அந்தத் தேக்கம் உண்மையிலேயே கற்றலின் இயல்பா என்று கேள்வி எழுப்பி, அதை மாயத் தேக்கம் என்றே அழைத்தார். என் அனுபவமும் அவர் பக்கமே சாய்கிறது. மாதக்கணக்கில் நிற்கிற மாணவர்களில் பெரும்பாலோர், தவறான ஒன்றைச் சரியாகத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பவர்கள்.

நீங்கள் நிற்கும் அலங்காரத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கை போடும் தாளம் மூன்றிலும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், இரண்டாம் காலத்துக்குப் போகும்போது வாயோடு சேர்ந்து கையும் ஓடத் தொடங்குகிறது; மூன்றாம் காலத்தில் மூச்சு போதாமல் ஸ்வரங்கள் சுருங்க, கை அவற்றுக்காகக் காத்திருந்து இழுபடுகிறது. பாடுகிறவருக்கு இது தெரியாது, ஏனென்றால் கையும் வாயும் ஒன்றாகவே தவறுகின்றன. இரண்டும் சேர்ந்துதானே போகிறது என்ற நிறைவுகூட இருக்கும். இப்படி ஓராண்டு பாடினாலும் அலங்காரம் கைக்கு வராது. இதற்கு மருந்து, பாட்டை முழுவதுமாக நிறுத்திவிட்டு, சீராகத் தட்டும் மெட்ரோனோம் ஒலிக்கு அந்த அலங்காரத்தின் தாளத்தை மட்டும் கையால் போடுவது. பிறகு அதே தாளத்தில் ஸ்வரங்களைப் பாடாமல் வாயால் சொல்லி மூன்று காலத்தையும் கடப்பது. அதன் பிறகே சுருதியோடு பாடுவது. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் முழு அலங்காரத்தையும் பத்து முறை பாடித் தவிப்பதைவிட இது வேகமாக நகரும், நகர்கிறது என்பது கண்ணுக்கும் தெரியும்.

கண்ணுக்குத் தெரிவதுதான் இங்கே முக்கியம். உள்ளுக்குள் இருக்கும் சாட்சி நம்பத்தகாதது என்றால் வேறு சாட்சியை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை, முதல் பாடமான சரளி வரிசைகளில் ஒன்றையே, ஒரே சுருதியில், மூன்று காலத்திலும் பாடி செல்போனில் பதிவு செய்து தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்தவுடன் கேட்காதீர்கள். அன்றைய காது அன்றைய தொண்டையைக் கருணையில்லாமல் வெட்டும். நான்கு மாதங்கள் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நாளுக்கு நாள் தெரியாத மாற்றம் அந்த இடைவெளியில் தெரியும். தெரியாவிட்டால், அப்போது கவலைப்படுவதற்கு உங்களிடம் உண்மையான காரணம் இருக்கும், அதை ஆசிரியரிடம் எடுத்துச் சென்று காட்டவும் முடியும்.

அன்றாடச் சாதகத்திலும் இலக்கைச் சிறியதாக வையுங்கள். ‘இன்று அலங்காரம் நன்றாக வர வேண்டும்’ என்று உட்கார்ந்தால் அன்று தோற்றுத்தான் எழுவீர்கள். ‘இன்று சுத்த ரிஷபத்தில் பத்து எண்ணிக்கை அசையாமல் நிற்க வேண்டும்’ என்று உட்கார்ந்தால், வந்ததா வரவில்லையா என்று அன்றே சொல்லிவிடலாம். ஸ்வரப் பெயர் சொல்லாமல் ‘ஆ’ என்றே பாடும் அகார சாதகம் செய்யும்போது தம்புரா ஒலியைச் சற்று உயர்த்தி வைத்து, உங்கள் குரலைத் தாழ்த்திப் பாடிப் பாருங்கள். குரல் சுருதியோடு சேரும் கணத்தில் அது தம்புராவுக்குள் கரைந்துபோய், உங்களுக்கே கேட்காததுபோல் ஆகும். அந்தக் கணத்தை ஒருமுறை அனுபவித்தவருக்கு வரிசைகள் சலிப்பதில்லை, ஏனென்றால் அவர் எதற்காகவும் காத்திருக்கவில்லை. அன்றைய பலன் அன்றே கிடைத்துவிடுகிறது. வர்ணம் வந்தால்தான் இன்பம் என்று ஒத்திப்போட்டவருக்கே வரிசை சிறையாகிறது.

சிறுமிகளோடு ஒப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதை அப்படியே திருப்பிப் பாடும் வயது அவர்களுக்கு. தவறு செய்தால் யார் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் குறைவு. வீட்டில் சமையல், கடன் தவணை, அலுவலகத்து மின்னஞ்சல் என்று எதுவும் தலைக்குள் ஓடுவதில்லை. பெரியவருக்கு இருக்கும் வசதி வேறு: எங்கே தவறுகிறது என்று சொல்லிக் காட்டினால் அவர் புரிந்துகொள்வார், ஒரே இடத்தை எடுத்துத் திருத்த அவரால் முடியும். பத்து வயதுக் குழந்தைக்குக் கை ஓடுகிறது என்று ஆயிரம் முறை சொல்ல வேண்டும். தவிர, பாடங்களின் பட்டியலில் எங்கே இருக்கிறார்கள் என்பது எவ்வளவு பாடுகிறார்கள் என்பதைக் காட்டாது. ஸ்வரஜதி பாடும் பல குழந்தைகளிடம் ஓர் அலங்காரத்தை அகாரத்தில் பாடச் சொன்னால் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பெற்றோர் கேட்கிறார்களே என்று பாடத்தைத் தள்ளிவிடும் வழக்கம் ஆசிரியர்களிடமும் உண்டு.

இனி தொண்டை வலிக்கு வருகிறேன். இதை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என் பார்வையில் கடிதத்திலேயே மிக முக்கியமான செய்தி அதுதான். ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்பவை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இயல்பாக அமையும் சுருதிகள். பெரும்பாலான ஆண்கள் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுகிறவர்கள். சிறுமிகளுக்கு வைத்த சுருதியில் அவர்களோடு சேர்ந்து மேல் ஷட்ஜமத்தைப் பிடிக்க முயன்றால், தொண்டையை இறுக்கிக் கத்துவதைத் தவிர உங்களுக்கு வழியில்லை. கீழே இறங்கிப் பாடினால் அடித்தளத்தில் குரல் கேட்கவே கேட்காது. அந்த இறுக்கத்தோடு ஒன்றரை ஆண்டு பாடியிருக்கிறீர்கள் என்றால், அலங்காரத்தின் மூன்றாம் காலம் வராமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும். இங்கே பொறுமை காட்டவே கூடாது. அடுத்த வகுப்பிலேயே ஆசிரியரிடம், ‘எனக்கு எந்தக் கட்டை சேரும் என்று பார்த்துச் சொல்லுங்கள், முடிந்தால் தனி நேரம் ஒதுக்கித் தாருங்கள்’ என்று கேளுங்கள். குழு வகுப்பில் அது முடியாது என்றால், ஆண்குரலுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேறு ஓர் ஆசிரியரைத் தேடுவதில் குருத்துரோகம் எதுவும் இல்லை. பாடாத நேரத்திலும் வலியோ கரகரப்போ இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சகித்துக்கொள்வதையும் பொறுமையையும் ஒன்றாக நினைத்து நல்ல குரல்களைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

இந்த இடத்தில் கர்நாடக சங்கீத வித்வான் செம்மங்குடி சீனிவாச ஐயரை (1908–2003) எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். இனிமையான சாரீரம் இயல்பாக வாய்க்காத அவர், கடும் சாதகத்தால் அந்தக் குரலையே வசப்படுத்தி, 1947இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார் என்பது உண்மை. அதை மதிக்கிறேன், ஆனால் உங்களுக்கு அதை முன்மாதிரியாக வைக்கத் தயங்குகிறேன். இளமையிலேயே குருவிடம் சேர்ந்து, பாட்டையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவரின் உழைப்பை, அலுவலகம் முடிந்து வந்து அரை மணி நேரம் உட்காருகிறவர் தன் மேல் அளவுகோலாக வைத்துக்கொண்டால் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும்.

‘எதிலும் பொறுமை இல்லை’ என்று பொதுவாகவும் எழுதியிருந்தீர்கள். காலையில் எழுந்து சாதகம் செய்யும் பழக்கம் இருபத்தோரு நாளில் வந்துவிடும் என்று எங்கோ படித்து, வராமல் போனதால் ஏற்பட்ட ஏமாற்றமும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்த இருபத்தொன்று வந்த வழி வேடிக்கையானது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்களாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ என்பதும் முகம் என்பதும் காலப்போக்கில் உதிர்ந்துபோய், எந்தப் பழக்கமும் 21 நாளில் வரும் என்று ஆகிவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் அச்சான ஆய்வில், ஒரு சிறிய அன்றாடச் செயல் தானாக நடக்கும் நிலையை எட்டுவதற்கான காலம் ஆளுக்கு ஆள் 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. நடுத்தர அளவு 66 நாட்கள். அதாவது, மூன்று வாரத்தில் வராதது உங்கள் குணக்கேட்டைக் காட்டவில்லை, அந்தக் கெடுவே பொய்யானது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு நாள் விட்டதும் எல்லாம் போயிற்று என்று ஒரு வாரம் விடுகிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு. மற்றபடி, கோபம், உணவு, வீட்டாரோடு பேசும் விதம் என்று வாழ்க்கையின் பிற பகுதிகளுக்குப் பாட்டு வகுப்பிலிருந்து தீர்வு எடுத்துச் செல்லலாம் என்று உறுதி கூற நான் துணிய மாட்டேன். சங்கீதம் கற்றால் சாந்தம் வரும் என்பார்கள். கோபக்கார வித்வான்களைத் தெரிந்தவர்கள் அதைச் சொல்வதில்லை.

வர்ணம் எப்போது என்ற கேள்விக்கு மாதக் கணக்கில் பதில் சொல்ல முடியாது, ஆனால் எதைப் பார்த்து முடிவு செய்வது என்று சொல்ல முடியும். ஏழு தாள அலங்காரங்களையும் கை மாறாமல் மூன்று காலத்திலும் பாட வேண்டும். அவற்றில் இரண்டு மூன்றையாவது அகாரத்தில், ஸ்வரத்தின் பெயரைச் சொல்லாமல், இடம் தவறாமல் பாட வேண்டும். மலஹரி ராக கீதங்கள் முடிந்து, ஸ்வரஜதி ஒன்றிரண்டு சிரமமில்லாமல் வர வேண்டும். வர்ணத்தில் ஸ்வரங்கள் கமகத்தோடு, அதாவது அசைவோடு வருவதாலும், இரண்டு காலத்திலாவது பாட வேண்டியிருப்பதாலும், இந்த அடித்தளம் இல்லாமல் அதைத் தொட்டவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். உங்களைப் பொறுத்தவரை முதல் வேலை சுருதியை மாற்றுவது. சரியான கட்டைக்கு வந்ததும் சில வாரங்கள் எல்லாம் புதிதாக, பின்னுக்குப் போய்விட்டதுபோல் இருக்கும். அந்த வாரங்களில் அலங்காரத்தைத் தொடாமல், சரளியையும், ஸ்வரங்களை இரட்டித்துப் பாடும் ஜண்டையையும் முதல் காலத்தில் மட்டும் பாடி, குரல் புதிய இடத்தில் உட்கார்ந்ததா என்று ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள். மாதாந்தரப் பதிவை அங்கிருந்தே தொடங்கலாம்.